வெறுங்கால்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. கடற்கரை ரயில் கடக்க, ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன. வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துவிட்ட சாம்பவி, சாமியறைச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அப்பா சிவபாதசுந்தரம் எறிந்த போன் அவள் காதை உரசிப்போய் முருகன் படத்தில் மோத, கண்ணாடி நொறுங்கி நிலமெங்கும் கொட்டுகிறது. அதற்கு முன் அவர் கை அறைந்த கன்னம் இன்னும் எரிகிறது. நாக்கில் இரத்தத்தின் உப்பு. "இண்டைக்கு உன்னைக் கொல்லாமல் விடமாட்டன்!" பெல்ட்டை உருவிக்கொண்டு பாய வந்தவர் நிலைப்படியில் நிற்கிறார். சீனி வியாதியில் உணர்ச்சி செத்த பாதங்கள், வீட்டுக்குள்ளும் கழற்றவேண்டாமென்று டொக்டர் சொன்ன செருப்பு. சாமியறைக்குள் செருப்போடு எப்படிப் போவது? கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடிமேல் நடந்து வருகிறார். நறநறவென்று நொறுங்குகிறது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கூசுவதெல்லாம் அவளுடைய உள்ளங்கால்தான். "ஐயோ, அப்பா!" என்று அலறுகிறாள். அவள் பார்க்கும் இடத்தை அவரும் பார்க்கிறார். வெள்ளை டைல்ஸில் இரத்தம். பெல்ட் கையிலிருந்து நழுவுகிறது. அப்படியே குந்தியிருந்து அவளுடைய கால்களைப் பிடித்து, தடவித் தடவித் தேடுகிறார். "எங்கை பிள்ளை, எங்கை உனக்கு வெட்டினது?"