அத்தை இல்லாத வீடியோ

அண்ணன் கல்யாண வீடியோவில் அத்தை ஒரு இடத்திலும் வரக் கூடாது என்று பெரியப்பா போனில் சொன்னார்.

முத்துக்கனி அத்தை அவருடைய சொந்தத் தங்கை. பத்திரிகையில் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று அத்தை சண்டை பிடித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அரை மணி நேரத்தில் அத்தையே கூப்பிட்டாள். அவளுக்குப் பெரியப்பா இல்லாமல் வேண்டுமாம்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. ஒரே கண்டெய்னரின் பேப்பர்களை ஆளுக்கொரு காப்பியாக எடுத்துக் கொடுத்துப் பழகிய கை.

படம் எடுத்தது அண்ணனின் சிநேகிதன் ராமர். இருநூற்றுப் பதினான்கு கிளிப்பையும் ஹார்ட் டிஸ்கில் போட்டு, நீயே வெட்டிக்கொள் என்று என் தலையில் கட்டிவிட்டான். யூடியூப் பார்த்துத்தான் எடிட்டிங் கற்றுக்கொண்டேன்.

ராமர் ஒன்று மட்டும் சொல்லியிருந்தான். எதையும் அழித்துவிடாதே, வேண்டாததைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வை என்று. பெரியப்பா போன் வருவதற்கு முந்தின வாரம், முதல் நாள் உட்கார்ந்ததுமே அதைச் செய்துவிட்டேன். ஆடிப்போனது, இருட்டானது, செருப்புகளை மட்டும் காட்டியது, காலி நாற்காலி, எல்லாம் ஒரு ஃபோல்டர். ‘வேஸ்ட்’ என்று பெயர் வைத்தேன்.

இப்போது முழு ப்ராஜெக்டை அப்படியே காப்பி எடுத்து, ‘பெரியப்பாவுக்கு, அத்தை இல்லாதது’ என்று சேவ் செய்தேன். இன்னொரு காப்பி, ‘அத்தைக்கு, பெரியப்பா இல்லாதது’.

தாலி கட்டும் இடத்தில்தான் திண்டாட்டம். அப்பா ஸ்தானத்தில் நின்றவர் பெரியப்பா. மேடையை விட்டு இம்மி நகரவில்லை மனுஷன். படத்தைப் பெரிதாக்கி ஓரமாகத் தள்ளியதில் அவர் கை மட்டும் மிஞ்சியது. போனில் கேட்டபோது, கைக்கு அத்தை ஆட்சேபம் சொல்லவில்லை.

அண்ணியின் தாய்மாமா தாணுலிங்கத்துக்கு அவருடைய மருமகன் இருக்கக் கூடாது. அண்ணிக்கு, அவள் கொட்டாவி விட்டது இருக்கக் கூடாது. ஆக நாலு ப்ராஜெக்ட்.

வெள்ளிக்கிழமை அண்ணன் மஸ்கட் கிளம்புகிறான். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். பென் டிரைவ் கை மாறிப் போனால் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.

நான் ஆபீஸ் விட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, அம்மா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து சமையலுக்கு உள்ளி உரிப்பாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். தாலி கட்டும் இடம் வந்தால் கை நின்றுவிடும். இன்னொரு தடவை ஓட்டச் சொல்வாள். நாலு ப்ராஜெக்டிலுமாகச் சேர்த்து அந்த இடத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். மகன் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. எனக்கு ஒரே குஷி. அம்மாவைச் சீண்டினேன். ஊரே ஆளை வெட்டி எடுக்கச் சொல்லியாயிற்று, நீயும் ஒரு ஆளைச் சொல்லு, உனக்கும் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன்.

“எனக்கு யாரையும் எடுக்க வேண்டாம்ளா. என்னைய எங்கனயாவது சேக்க முடியுமான்னு பாரு.”



இரண்டு வாரமாக ஆள் ஆளாகப் பார்த்து வெட்டியவள் நான். அம்மா எதிலுமே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. மேடையில் பெரியப்பாவோடு பெரியம்மா நின்றாள். முகூர்த்த நேரத்தில் அம்மா மண்டபத்து ஸ்டோர் ரூமுக்குள் போனாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இங்கேயே நில்லு என்றும் யாரும் சொல்லவில்லை, நானும்தான். பிறகு பந்தி, பாத்திரம் என்று பின்பக்கமே இருந்துவிட்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் ப்ராஜெக்டில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். அண்ணன் எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டின் ஒரு முந்தியாவது கிடைக்காதா என்று தேடினேன். இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் முதல் கிளிப்பிலிருந்து மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தேன்.

அம்மா உள்ளியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“மொத நாளு வேஸ்ட்டுன்னு ஒண்ணுல தள்ளுனியே, அதுல கெடக்கும்.”

பத்தொன்பது கிளிப் இருந்தது. பதினோராவது அது. மண்டபத்தின் பின்னால் ராமர் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த இரண்டாவது கேமராவை யாரோ இடித்துவிட, அது திரும்பிப் போய் ஸ்டோர் ரூம் வாசலைப் பார்த்திருக்கிறது. ஆறு விநாடி. ஃபோகஸ் கதவின் மேல். உள்ளே மங்கலாகப் பச்சைப் பட்டு. கெட்டிமேளம் கேட்கிறது. அம்மா நின்ற இடத்திலிருந்தே கையிலிருந்த அட்சதையை மேடைப் பக்கமாக வீசுகிறாள். அது வாசற்படியைத் தாண்டவில்லை.

அதை இழுத்து வேஸ்ட்டில் போட்டது எனக்கு நினைவிருந்தது. வெறும் கதவு என்று நினைத்துப் போட்டேன். வெட்கத்தில் அம்மா பக்கம் திரும்ப முடியவில்லை. மற்ற எல்லாரையும் பிறர் சொல்லித்தான் வெட்டினேன். ஒருத்தரும் சொல்லாமல் நானாக வெட்டிய ஆள் அம்மா.

நாலு ப்ராஜெக்டையும் திறந்தேன். அத்தை இல்லாததில், பெரியப்பா இல்லாததில், மருமகன் இல்லாததில், கொட்டாவி இல்லாததில், அண்ணன் தாலி கட்டி முடித்த அந்த இடத்திலேயே ஆறு விநாடியையும் வைத்து சேவ் செய்து, பென் டிரைவ்களில் ஏற்றினேன்.

யாரிடமும் கேட்கவில்லை.