வெறும் வயிறு

ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஸ்ட்ரெச்சர் நின்றது.

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். நாக்கிலும் ஈரமில்லை. முந்தைய நாள் மாலை ஒரு தம்ளர் கஞ்சி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வலது விலாவுக்குக் கீழே பித்தப்பை. அது நிறையக் கற்கள். வலி வந்த போதெல்லாம் வீட்டில் ஒன்றைத்தான் சொன்னார்கள். தின்றது செரிக்கவில்லை.

வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்னத் துளைகள் போதும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அவளுடைய பருத்த உடம்புக்கென்று நீளமான கருவிகளை எடுத்துவைத்திருந்தார்கள்.

இன்றோடு வலி போய்விடும்.

நர்ஸ் குனிந்தாள். "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் சிரித்தான்.

"நல்லா விசாரிங்க சிஸ்டர். நான் தூங்கினதும் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி பண்ணியிருப்பா."

கல்யாணப் பந்திகளில் அவன் வழக்கமாகச் சொல்வது. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. உள்ளே போனாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். இந்த உடம்புக்கு அது இன்னும் ஆபத்து. உண்மையைச் சொல்லுங்கள்.

சாப்பிடவில்லை என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் மேடிட்டிருந்த வயிற்றைப் பார்த்தார்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார்."

கணவனின் குரல் இறங்கியிருந்தது.

எதற்கு வம்பு, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஸ்ட்ரெச்சர் திரும்பியது.

மதியம் வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவன் செய்தித்தாளை மடித்து விசிறினான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் விசிறிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் இட்லி வாங்கிவந்தான். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைப் பிட்டு நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாயில் வைக்கவில்லை.

யார் கண்ணிலும் படாமல், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றே சாப்பிட்டுப் பழகியவள். மெல்லத் திரும்பிப் படுத்தாள். பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு பெண் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் இங்க பாருங்க."

அந்தப் பெண் பார்த்தாள்.

"இதான் கடைசி. இதுக்கு மேல எதுவும் சாப்பிட மாட்டேன். காலைல கேட்டாங்கன்னா, நீங்க சொல்லணும்."

பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, இட்லியை வாயில் வைத்தாள்.

அவன் தண்ணீர் பாட்டிலோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான்.