நாலாவது சாஃப்ட்வேர்

"இதுவும் வேண்டாம். அழிச்சிடுங்க."

தம்பி மனைவி சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து மூன்றாவது வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர். ஒவ்வொன்றுக்கும் அவள் கொடுத்த ஆயுள் பத்து நிமிஷம்.

கதவோரம் நின்றிருந்த, அவள் கணவனின் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வந்த காரியமே வேறு. தம்பிக்கு விபத்து நடந்து ஆறு மாதம் ஆகிறது. ஊரில் பாதி விழாக்களை வீடியோ எடுத்து எடிட் செய்தவன். வலது கை இனி பழையபடி அசையாது என்று டாக்டர் சொன்ன அன்று உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கேமராவையும் கம்ப்யூட்டரையும் விற்றுவிட்டு, அவனைத் தன் கணவரின் கடையில் உட்கார வைத்துவிடலாம் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். சாயங்காலம் வாங்குகிறவர் வருகிறார்.

இங்கே வந்து பார்த்தால், மகாராணி அவன் நாற்காலியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்!

"மேடம், இதுல என்ன குறை?" கம்ப்யூட்டர்காரர் அழாத குறையாகக் கேட்டார். "கலரைப் பாருங்க, எவ்வளவு துல்லியமா இருக்கு!"

"கலர் இருக்கட்டும். கிளிப்பை நகர்த்தணும்னா மவுஸ் கேக்குதே."

"எல்லாரும் மவுஸ்லதான் நகர்த்துவாங்க."

"நான் நகர்த்த மாட்டேன்."

"அப்போ இந்த லினக்ஸ் சிஸ்டத்தைத் தூக்கிட்டு வேற சிஸ்டம் போட்டுடலாமா? இன்னும் நிறைய சாஃப்ட்வேர் கிடைக்கும்."

"லினக்ஸ் அவர் கையால போட்டது. அதை யாரும் தொடக்கூடாது."

அக்காவால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"ஏம்மா, மவுஸைத் தொட்டா கை தேஞ்சிடுமா?"

"தேயாது அண்ணி."

"அப்புறம் என்ன?"

"வேண்டாம்னா வேண்டாம்தான்."

வெயில் கொளுத்துகிற நேரத்தில் சால்வை வேறு. வலது தோளிலிருந்து மடிவரை போர்த்திக்கொண்டு, இடது கையை மட்டும் வெளியே நீட்டித் தட்டுகிறாள். உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்! எல்லாம் திமிர் என்று அக்கா மனசுக்குள் எழுதிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர்காரர் நாலாவதை ஏற்றினார். பார்க்க ஒரு பகட்டும் இல்லை.

"எந்த வேலையை எந்த கீயில வேணும்னாலும் வெச்சுக்கலாம் மேடம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ வெட்டுறது, ஒட்டுறது, நகர்த்துறது, எல்லாத்தையும் கீபோர்டுல இந்த இடது ஓரத்துக்குக் கொண்டுவாங்க."

கொண்டுவந்தார். விபத்துக்கு முன்னால் தம்பி எடுத்துவைத்திருந்த பள்ளிக்கூட ஆண்டு விழா திரையில் ஓடியது. முதல் வெட்டுக்கு அவளுக்கு நாலு நிமிஷம் பிடித்தது. அடுத்ததற்கு ஒன்றரை. அதற்குப் பிறகு விரல்கள் வழி கண்டுபிடித்துவிட்டன.

"இதுதான். இதையே வெச்சுக்கறேன்."

கம்ப்யூட்டர்காரர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பையை எடுத்துக்கொண்டு நழுவினார். அவர் படியிறங்கும்வரைதான் அக்கா காத்திருந்தாள்.

"புருஷன் படுத்துக் கிடக்கான். அவன் நாற்காலியில சூடு ஆறல, அதுக்குள்ள ஏறி உக்காந்துட்ட. தொழிலையும் உன் பேருக்கு மாத்திக்கலாம்னு பாக்கறியா?"

"சூடு ஆறிடக்கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சாயங்காலம் ஆள் வரார், தெரியுமில்ல?"

"வரட்டுமே. காபி கொடுத்து அனுப்பறேன்."

"கம்ப்யூட்டர்?"

"அது இங்கேயேதான் இருக்கும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம்தான். கோபம் மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் வளர்த்த பிள்ளை. நாளைக்கு அவன் நாலு பேர் மாதிரி வெளிய போயி உக்காரணும்னு நினைக்கிறது தப்பா?"

தம்பி மனைவி உள் அறைப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்க."

"அவனை ஏன் கூப்பிடற? ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணப் போறான்?"

"இதோ, இதைத்தான்" என்று திரையைக் காட்டி, ஒரு கீயைத் தட்டினாள்.

ஆண்டு விழா ஓட ஆரம்பித்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சற்று நேரத்தில் தம்பி கதவருகே வந்து நின்றான். அவன் பார்வை திரையை விட்டு நகரவில்லை.

"மூணாவது கட் லேட்" என்றான். "அந்தப் பொண்ணு திரும்பறதுக்கு முன்னாடியே வெட்டணும்."

ஆறு மாதத்தில் அவன் தொழிலைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை.

"அப்போ நீங்களே வந்து வெட்டுங்க" என்று சொல்லித் தம்பி மனைவி எழப் பார்த்தாள். முடியவில்லை. சால்வை நழுவிக் கீழே விழுந்தது.

அவளுடைய வலது மணிக்கட்டு கேமரா பெல்ட்டால் நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பெல்ட் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"காலைல பல்லால இறுக்கிக் கட்டினேன், இப்போ ஒத்தைக் கையால அவிழ்க்க வரல. கொஞ்சம் அவிழ்த்து விடுங்க அண்ணி, அவர் உக்காரணும்."