ரத்து செய்ய இங்கே அழுத்தவும்

"திட்டுங்கக்கா. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுங்க. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கோம்" என்றார் அதிகாரி.

தையல்காரிக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே வயிறு குளிர்ந்துவிட்டது. இந்த ஆன்லைன் கடைக்காரர்களிடமிருந்து ஒரு மனிதக் குரலைக் கேட்க அவள் எத்தனை நாள் தவம் கிடந்திருப்பாள்! போன் போட்டால் பாட்டு, மெயில் போட்டால் 'உங்கள் கருத்துக்கு நன்றி'. இன்றைக்கு அவர்களே ஏசி அறையில் உட்காரவைத்துக் காபியும் கொடுத்து, வாடிக்கையாளருக்கு எங்கெங்கே சிக்குகிறது என்று கேட்கிறார்கள்.

எதிரே பெரிய கணினித் திரை, அதில் அதே கடை. பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு அதிகாரி. பக்கங்களை வடிவமைக்கிற பெண் ஒருத்தி மூலையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல ஒரு தலையணை உறை வாங்குங்க. அப்புறம் மாசா மாசம் வர்ற ஆர்டர் ஒண்ணை ரத்து பண்ணுங்க. தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணணும், அவ்வளவுதான்."

சொல்லவா வேண்டும்! உறையைத் தொட்டதுமே சிவப்பாக ஒரு கடிகாரம் ஓடியது. 'இன்னும் இரண்டே உள்ளன, விரையுங்கள்!'

"இதே ரெண்டு போன மாசமும் இருந்துச்சு சார். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

கூடையைத் திறந்தால், கேட்காத பரிசுக் காகிதம் உள்ளே கிடந்தது. "இதை எவன் போட்டான்? தெருக்கடையில இப்படிப் பண்ணியிருந்தா கையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

அதை எடுத்துப்போட்டால் அடுத்து ஒரு விளம்பரம் முகத்தில் வந்து விழுந்தது. அதை மூட இருந்த ஒரே வழி, 'வேண்டாம், எனக்குச் சேமிக்கப் பிடிக்காது' என்பதுதான். "அடச்சீ! வேண்டாம்னு சொல்றதுக்கு என்னை நானே மட்டம் தட்டிக்கணுமா?"

அவள் முட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் அதிகாரி முகம் மலர்ந்து "அருமைக்கா, அருமை!" என்று தலையாட்டினார். ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மனதிலேயே வாங்கிக்கொள்கிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

ரத்து செய்கிற கட்டம் வந்ததும் அவள் திரையை விட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள். "இதுக்காகத்தான் சார் நான் வந்ததே. என் மாமியார் படுத்த படுக்கையா கிடந்தாங்க. பெரியவங்களுக்கான டயபர் மாசா மாசம் வர்ற மாதிரி என் வீட்டுக்காரர்தான் போட்டு வச்சார். அவங்க போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகுது, பெட்டி மட்டும் நிக்கல. திருப்பி அனுப்பினா அடுத்த மாசம் மறுபடி வாசல்ல வந்து நிக்குது. மேல அவங்க பேரு. உள்ள 'உங்களை மறக்கவில்லை'ன்னு ஒரு சீட்டு வேற. அது வர்ற அன்னைக்கு அந்த மனுஷன் சாப்பிடறதே இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூலையிலிருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"இந்தச் சோதனையே அந்த ரத்து பட்டனுக்காகத்தான்கா. நிதானமா தேடுங்க" என்றார் அதிகாரி.

'என் கணக்கு' என்பதில் இல்லை. 'ஆர்டர்கள்' என்பதிலும் இல்லை. 'உதவி' என்பதை அழுத்தினால், உதவி செய்யும் முன்பே உதவி எப்படி இருந்தது என்று நட்சத்திரம் கேட்டது. 'மாற்றம்' என்று ஒன்று கண்ணில் பட, ஆசையாய் அழுத்தினாள். 'இனி இரண்டு பெட்டிகளாக அனுப்பட்டுமா?' என்றது.

"கருமம்! நிறுத்துடான்னா ரெண்டா அனுப்பட்டுமாங்குது. செத்தவங்க பேரை வச்சுப் பிழைக்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா? அழுகின காய்க்குள்ள விரலை விட்ட மாதிரி குமட்டுது சார்."

"சபாஷ்!" என்றார் அதிகாரி, வாயெல்லாம் பல்லாக.

தையல்காரி விடவில்லை. திரையோடு முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, பக்கத்தின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். வெள்ளைப் பின்னணியில், அதைவிட ஒரு பொட்டு மங்கலாக, கடுகு கடுகாய் எழுத்து: 'ரத்து செய்ய இங்கே அழுத்தவும்'.

"இதோ! மாட்டினான் திருடன்!"

அதிகாரியின் சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது. "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கறுப்புத் துணியில கறுப்பு நூலைப் பிரிக்கிற கண்ணு சார் இது. என்கிட்டயா?"

இப்போதுதான் அவர் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினார். "இது சோதனைப் பக்கம்கா. இதுல அழுத்தினா உங்க பெட்டி நிக்காது."

"பரவால்ல சார். கணக்கு என் வீட்டுக்காரர் போன்ல இருக்கு. ராத்திரி அவர் வந்ததும் இதே இடத்துல ஒரே அழுத்து. இடம் தெரிஞ்சுபோச்சே!"

வராந்தாவுக்கு வந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள். "இன்னையோட ஒழிஞ்சுதுங்க அந்தப் பெட்டி. இங்க எல்லாரும் தங்கமானவங்க." "அழுத்தறப்ப சொல்லு, நானும் பக்கத்துல இருக்கேன்" என்றான் அவன்.

லிப்டில் எண்ணைத் தேடியபோதுதான் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

"பாவம் சார் அந்தக்கா" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அவங்க சொன்னதுல எதை முதல்ல சரி பண்றது?"

"மத்ததெல்லாம் பிரமாதமா வேலை செய்யுதும்மா. அந்த ரத்து பட்டனை மட்டும் சாயங்காலத்துக்குள்ள இன்னும் நல்லா ஒளிச்சு வச்சிரு!"