எடுத்த இடத்துக்கே

தோல் வேலைக்காகப் பின்னறைச் சுவரில் அவர் பலகை அடித்தார். குத்தூசி, சுத்தியல், கத்தி என ஒவ்வொன்றாக மாட்டி, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். “எடுத்தது எடுத்த இடத்துக்கே வரணும்.”

“அப்போ உங்க பொண்ணையும் வரைஞ்சு வைங்க. ஒரு இடத்துல நிக்கிறாளா?” என்றாள் மனைவி.

ஐந்து வயது மகள் சிரித்துக்கொண்டே பலகையில் கையை வைத்தாள். அதையும் சுற்றி வரைந்தார். அன்று மாலை தெருவில் லாரி மோதி அவள் இறந்தாள்.

கருவிகளைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஆற்றில் வீசினார். காலையில் அவை ஈரத்தோடு அதனதன் கோட்டுக்குள் தொங்கின. மறுபடி வீசினார். மறுபடி வந்தன.

இப்போது தினமும் வீசச் சொல்வது மனைவிதான். “இன்னிக்கி இன்னும் தள்ளிப் போய் வீசுங்க. அவ ரொம்ப தூரம் போயிருக்கால்ல.”

விடிந்தால் எல்லாம் ஒன்று குறையாமல் வந்துவிடுகின்றன. குத்தூசிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் அந்தச் சின்னக் கை மட்டும் காலியாகவே இருக்கிறது.