கேட்டதற்கு மட்டும் பதில்

தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல்லைக் கொட்டுவதுபோல் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், ஆலங்கட்டி மழை.

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை.

கணக்கு டீச்சர் குடையைத் தலைகீழாகப் பிடித்து ஆலங்கட்டி சேர்த்தார். மூன்றாம் மாடிச் சிடுமூஞ்சி சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையில் வாணலியைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டார். வயதாகிவிட்டதே என்ற வெட்கம் வேண்டாமா?

எல்லாரிலும் மோசம் பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக்தான்.

காலையில்தான் அவர் மகளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததாகப் போன் வந்தது. வீடு வீடாகச் சாக்லெட் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே!

ஏற்கெனவே தரையில் கால் பாவாமல் இருந்த மனிதர், இப்போது கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு தன் வாசலுக்கு ஓடினார்.

“சங்கு! ஓடி வா! வானத்துலேருந்து ஐஸ் விழுது!”

சங்கு அவர் மகள். அந்தப் பெயர் நான் வைத்தது. இப்போது பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குழாயில் சொட்டும் தண்ணீரில் வெளிச்சம் மின்னினால்கூட ஆலைச் சங்கு மாதிரி கத்துவாள். எங்கள் மதியத் தூக்கத்தையெல்லாம் தின்றவள்.

போன வருஷம் அதே பள்ளிக்கூடத்து நேர்காணலில் அந்தக் கத்தல்தான் காலை வாரிவிட்டது. யானைப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கேட்ட அம்மாவின் மூக்கருகே போய், “ஐ! உங்க கண்ணாடியில குட்டியா ஒரு ஜன்னல்!” என்று கத்தினாளாம். கவனம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கவலையில் மனிதர் பாதியாக இளைத்தார். அப்புறம் தினமும் வேலை முடிந்து வந்ததும் பயிற்சிதான். ஒட்டுக் கேட்பது என் பழக்கம் இல்லை. சமையலறைச் சுவர் அவ்வளவு மெல்லிசு.

“இது என்ன?”

“எறும்பு. ஆறு கால்.”

“வெரி குட்.”

“அப்பா, அது தன்னைவிடப் பெரிசா எதையோ தூக்கிட்டு...”

“அதை யாராவது கேட்டாங்களா? கேட்டதுக்கு மட்டும் பதில்.”

கொஞ்ச நாளில் அந்த “அப்பா”வும் நின்றது. கத்தலும் நின்றது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டே குடியிருப்பு முழுக்க நிம்மதியாகத் தூங்கினோம். இந்த வருஷம் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று சொன்னாளாம். அதே அம்மாதான் கேட்டாராம். கண்ணாடி போட்டிருந்தாரா என்று நான் விசாரித்தேன். அவள் கவனிக்கவில்லையாம்.

சங்கு வாசலுக்கு வந்தாள். வாரிய தலை கலையவில்லை.

அப்பா குனிந்து கையை விரித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. எப்படியும் கத்துவாள் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஐஸ் கட்டி. வெள்ளை. தொட்டா சில்லுன்னு இருக்கும்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“அது சரிடா கண்ணு. வெளியே பாரேன், எவ்ளோ விழுது!”

வெளியே பார்த்தாள்.

“நெறைய.”

“சங்கும்மா... யாரும் ஒண்ணும் கேக்கல. சும்மா பாரு.”

நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டியவர்களை வெளியிலிருந்து தேற்றுவாரே, அந்தக் குரல். ஆனால் அப்போது அவர் கையில் ஸ்பேனர் இருக்கும்.

சங்கு ஆலங்கட்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள். எங்கே தப்பு செய்தோம் என்று அதில் தேடினாள்.

“எதைப் பாக்கணும்னு சொல்லுப்பா. பாத்துட்டு கரெக்டா சொல்லிடறேன்.”