மதியக் காட்சி

ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக வந்த தியேட்டர்தான். கூட்டம் குறைந்ததும் முதலாளி 'வயது வந்தோர்' படங்களுக்கு இறங்கினார். இப்போது அதற்கும் ஆள் இல்லை. நாளை இடிக்கிறார்கள்.

மேனேஜர் தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் கணவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இவரு தினமும் மதியக் காட்சிக்கு இங்கதானே வந்தாரு?"

சண்டைக்கு வந்த மனைவிகளை மேனேஜர் நிறையப் பார்த்தவர். யார் கேட்டாலும் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"இவரா? இந்த முகத்தையே நான் பார்த்ததில்லம்மா."

"பொய் சொல்லாதீங்கண்ணே. டிக்கெட்டுக்குக் காசு குடுத்து அனுப்புனதே நான்தான்."

மேனேஜர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் ஓட்டுறவரு. வீடு ஒரே ரூமு. என் தையல் மெஷின் சத்தம், ரெட்டைப் பிள்ளைங்க கத்தல். தூக்கமில்லாம ஒருநாள் வண்டியைச் செவுத்துல விடப் பாத்தாரு. இருட்டா, யாரும் யார்கிட்டயும் பேசாத இடம் உங்க தியேட்டர் மட்டும்தான். இப்ப பகல் டூட்டி கெடச்சிருச்சு. ஒரு நன்றி சொல்லாமப் போனா மனசு கேக்காது."

"ஒரு படம்கூட முழுசாப் பாத்ததில்ல சார்," என்று நெளிந்தான் கணவன்.

இத்தனை வருடத்தில் அந்த அறைக்கு வந்து நன்றி சொன்னவர் யாருமில்லை. தியேட்டர்தான் மூடியாயிற்றே என்று மேனேஜர் சட்டத்தை மீறினார்.

"தெரியும்ப்பா. கடைசி வரிசை, மூலை சீட்டு. படத்தைவிட உன் குறட்டைதான் சத்தமாக் கேக்கும். உன் தலைக்கு மேல இருந்த ஸ்பீக்கரை அணைச்சு வெச்சதே நான்தானே!"